மேசை இருக்கிறதா, இல்லையா? தத்துவமும் காமன்சென்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தத்துவம் படிக்க ஆரம்பிக்கிறவர்கள் சீக்கிரமே முட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. ‘வெளியே உலகம் என்று ஒன்று இருப்பது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று புத்தகம் கேட்கும். ‘வேலை வெட்டி இல்லாதவன் கேட்கிற கேள்வி’ என்று மனசு சொல்லும். இந்த இரண்டு குரலுக்கும் இடையே 18-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. 20-ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜில் அதை மறுபடி எடுத்தார்கள். கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் அந்த வழக்கைப் பற்றியவை.

ஊகத் தத்துவம் என்பது எது? காமன்சென்ஸ் என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்?

சோதனைச்சாலைக்குப் போகாமல், சிந்தனையை மட்டும் கொண்டு, உலகம் அடிப்படையில் எப்படிப்பட்டது என்று சொல்ல முயல்வது ஊகத் தத்துவம். ‘பருப்பொருள் என்று எதுவும் கிடையாது, மனங்களும் அவற்றில் தோன்றும் எண்ணங்களும்தான் உண்டு’ என்று அயர்லாந்துக்காரரான ஜார்ஜ் பார்க்லி 1710-இல் எழுதினார். ‘காலம் என்பதே உண்மையில்லை’ என்று கேம்பிரிட்ஜ் தத்துவவாதி மெக்டாகர்ட் 1908-இல் எழுதினார். இருவருமே விளையாட்டாகச் சொல்லவில்லை. பக்கம் பக்கமாக வாதம் வைத்திருக்கிறார்கள்.

‘கொஞ்சமாவது காமன்சென்ஸ் இருக்கா?’ என்று வீட்டில் திட்டும்போது சொல்கிற சாமர்த்தியம் இங்கே பேச்சில்லை. யாரும் சொல்லித்தராமலேயே எல்லோரும் நம்பி நடக்கிற சில விஷயங்கள் இருக்கின்றன. நாம் பார்க்காதபோதும் பொருள்கள் இருக்கின்றன. நேற்று நடந்தது நடந்ததுதான். எதிரே நிற்பவருக்கும் மனம் என்று ஒன்று உண்டு. நேற்றுச் சுட்ட நெருப்பு இன்றும் சுடும். இவைதான் இங்கே காமன்சென்ஸ்.

ஒரு கல்லை உதைத்துக் காட்டினால் விஷயம் முடிந்துவிடாதா?

அதைச் செய்தே பார்த்தார் ஒருவர். 1763 ஆகஸ்டில், இங்கிலாந்தில் ஹாரிச் ஊர் தேவாலயத்துக்கு வெளியே ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனும், பின்னாளில் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெலும் பேசிக்கொண்டு நின்றார்கள். பார்க்லி சொல்வது உண்மையில்லை என்று நமக்குத் தெரிகிறது, ஆனால் மறுக்கத்தான் முடியவில்லை என்றார் பாஸ்வெல். ஜான்சன் ஒரு பெரிய கல்லை ஓங்கி உதைத்து, ‘இதோ, இப்படி மறுக்கிறேன்’ என்றார்.

கதை அருமை. ஆனால் வாதமாக அது தேறாது. கல் இல்லை என்று பார்க்லி எங்குமே சொல்லவில்லை. கல்லின் நிறம், கனம், உதைத்தால் காலில் ஏறும் வலி எல்லாம் உண்டு; இவை அத்தனையும் ஒரு மனம் உணர்கிறவைதானே, இவற்றுக்குப் பின்னால் யாராலும் உணரமுடியாத ‘பருப்பொருள்’ என்ற ஒன்றை எதற்குச் சேர்க்கிறீர்கள் என்பதுதான் அவர் கேள்வி. ஜான்சனின் கால்வலி அந்தக் கணக்கில் ஏற்கெனவே வரவு வைக்கப்பட்டுவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், தான் சாமானியர் கட்சி என்றே பார்க்லி நினைத்தார். 1713-இல் வந்த அவருடைய உரையாடல் நூலின் முடிவில் இதைத் தெளிவாகவே சொல்கிறார். நேரடியாக உணர்வதே நிஜப் பொருள் என்பது சாமானியர் நம்பிக்கை. நேரடியாக உணர்வது மனதிலுள்ள எண்ணங்களை மட்டுமே என்பது தத்துவவாதிகளின் முடிவு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்ததுதான் தன் கொள்கை என்கிறார். சிக்கல் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது என்று அப்போது யாருக்கும் படவில்லை.

ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹ்யூம் தன் தத்துவத்தைத் தானே நம்பினாரா?

அறையில் உட்கார்ந்து எழுதும்போது நம்பினார்; வெளியே வந்தால் நம்பமுடியவில்லை. இதை அவரே எழுதிவைத்திருக்கிறார். 1739-இல் வந்த தன் முதல் நூலில் புறவுலகம், காரண காரியம், ‘நான்’ என்னும் ஆள் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்துக்கொண்டே போய், முதல் பகுதியின் கடைசியில் இருட்டில் மாட்டிக்கொண்டவர்போலப் புலம்புகிறார். அப்புறம்? நண்பர்களோடு சாப்பிடுகிறேன், பகடை ஆடுகிறேன், அரட்டை அடிக்கிறேன். மூன்று நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் இந்த யோசனைகள் எல்லாம் குளிர்ந்துபோய், கேலிக்கூத்தாகத் தெரிகின்றன என்கிறார்.

இதை வைத்து ஹ்யூமைப் போலி என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாதம் ஒருபக்கம் இழுக்கிறது, மனித சுபாவம் மறுபக்கம் இழுக்கிறது, இரண்டில் எதையும் மறைக்கமாட்டேன் என்று நின்ற ஆள் அவர். ஆனால் சுபாவம் ஜெயிக்கிறது என்று சொல்வதும், வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று காட்டுவதும் வேறு வேறு. ஓட்டையைத் தேடும் வேலையை இன்னொருவர் எடுத்துக்கொண்டார்.

அந்த இன்னொருவர் யார்?

தாமஸ் ரீட். ஹ்யூமைவிட ஒரு வயது மூத்தவர். ஸ்காட்லாந்தில் அபர்டீன் அருகே நியூ மாகர் என்ற ஊரில் பாதிரியாராக இருந்து, பிறகு அபர்டீனில் ஆசிரியரானார். ஒரு காலத்தில் பார்க்லியின் கொள்கையை அப்படியே ஏற்றிருந்ததாக அவரே சொல்கிறார். ஹ்யூமின் நூலைப் படித்த பிறகுதான் திடுக்கிட்டார். வாதத்தில் படிக்குப் படி பிசகே தெரியவில்லை, ஆனால் போய்ச் சேரும் இடம் நம்பமுடியாதது. அப்படியானால் புறப்பட்ட இடத்தில்தான் கோளாறு இருக்கவேண்டும் என்று பின்னோக்கி நடந்தார். 1764-இல் அவருடைய முதல் நூல் வந்தது. அதே ஆண்டில் கிளாஸ்கோவில் ஆடம் ஸ்மித் காலிசெய்த பேராசிரியர் பதவிக்குப் போனார்.

இரண்டு எதிரிகளுக்கும் இடையே இருந்த மரியாதை இன்றைக்கு அபூர்வம். ரீட்டின் கையெழுத்துப் பிரதியில் சில பகுதிகளை நண்பர் ஒருவர் மூலம் ஹ்யூம் முன்கூட்டியே வாசித்தார். ரீட் அவருக்கு எழுதிய கடிதத்தில், நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டால் எங்கள் அபர்டீன் சங்கத்தில் விவாதிக்க விஷயமே இல்லாமல் போய்விடும் என்றார்.

ரீட்டிடம் நல்ல நக்கல் உண்டு. புலன்களை நம்பமாட்டேன் என்று முடிவு செய்கிறேன், வழியில் நிற்கும் கம்பத்தில் மோதி மூக்கை உடைத்துக்கொள்கிறேன், சாக்கடையில் இறங்குகிறேன், இப்படி இருபது புத்திசாலித்தனமான காரியம் செய்த பிறகு என்னைப் பிடித்துப் பைத்தியக்கார விடுதியில் போடுகிறார்கள் என்று எழுதினார். இதுவும் ஜான்சனின் உதைபோலத்தான் தெரியும். ஆனால் ரீட் இதோடு நிற்கவில்லை.

ரீட்டின் பதில் உண்மையில் என்ன? ஒரு உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

மேசையை எடுத்துக்கொள்வோம்; ஹ்யூமே எடுத்த உதாரணம் அது. நாம் விலகிப் போகப்போக மேசை சிறிதாகிக்கொண்டே போகிறது. நிஜமான மேசையோ மாறுவதே இல்லை. ஆகவே நாம் பார்த்தது மேசையை அல்ல, மனதிலுள்ள அதன் பிம்பத்தை மட்டுமே. 1748-இல் ஹ்யூம் வைத்த இந்த வாதத்தை முதல் தடவை கேட்கும்போது மறுக்க வழியே இல்லாததுபோல இருக்கும்.

1785-இல் ரீட் சொன்ன பதில் இது. ‘அளவு’ என்று இரண்டைக் கலக்கிறீர்கள். மேசையின் நிஜ அளவை அடிக்கோலால் அளக்கிறோம். தோற்ற அளவு என்பது மேசையின் இரு ஓரங்களிலிருந்து கண்ணுக்கு வரும் கோடுகள் அங்கே உண்டாக்கும் கோணம். அதை டிகிரியில் அளக்கவேண்டும். 3 அடி அகல மேசை 10 அடி தூரத்தில் ஏறக்குறைய 17 டிகிரி கோணம் தரும். 20 அடிக்குப் போனால் எட்டரை டிகிரி சொச்சம். முதலாவது மாறவில்லை, இரண்டாவது மாறுகிறது. இதில் முரண்பாடு எங்கே இருக்கிறது?

இப்போதுதான் ரீட் கத்தியைத் திருப்புகிறார். நாம் பார்ப்பது நிஜ மேசையாகவே இருக்கட்டும். அப்போது தூரம் போகப்போக அதன் தோற்ற அளவு என்ன ஆகவேண்டும்? வடிவியல்படி குறைந்தே ஆகவேண்டும், இத்தனை அடிக்கு இத்தனை டிகிரி என்று முன்கூட்டியே கணக்குப்போட்டுச் சொல்லலாம். போய்ப் பார்த்தால் அப்படியே குறைகிறது. அதாவது, நாம் மேசையைப் பார்க்கவில்லை என்பதற்கு ஹ்யூம் கொடுத்த சாட்சி, மேசையைத்தான் பார்க்கிறோம் என்பதோடு அச்சாகப் பொருந்துகிறது. தூரம் போயும் மேசை சிறிதாகத் தெரியாவிட்டால்தான் சந்தேகப்படவேண்டும்.

இந்தப் பதிலில் ‘எல்லோருக்கும் தெரியுமே’ என்ற சத்தம் ஒரு இடத்தில்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். காமன்சென்ஸைக் காப்பாற்றியது கோணக் கணக்கு. காமன்சென்ஸுக்கு நம்பத் தெரியும், வழக்காடத் தெரியாது. தனக்காக வழக்காட அதற்கும் ஒரு தத்துவவாதிதான் வேண்டியிருக்கிறார்.

புலன்கள் ஏமாற்றும், தர்க்கம் ஏமாற்றாது. ஆகவே தர்க்கத்தைத்தானே நம்பவேண்டும்?

ரீட்டின் எதிர்க்கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. தர்க்கம் செய்யும் திறனும் பார்க்கும் திறனும் ஒரே பட்டறையிலிருந்து, ஒரே கைவினைஞனிடமிருந்து வந்தவை. அவன் ஒரு சரக்கைப் போலியாகக் கொடுத்திருந்தால் இன்னொன்றையும் அப்படிக் கொடுக்க அவனுக்கு என்ன தடை என்றார். நான்கு வரி தாண்டினால் கூட்டல் கணக்கில் தப்புவிடாதவர் யார்? கண் ஏமாற்றுவதையும் இன்னொரு தடவை பார்த்துத்தான், தொட்டுத்தான் கண்டுபிடிக்கிறோம்.

ஒரு காலத்தில் சூரியன்தான் பூமியைச் சுற்றுகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். அதுவும் காமன்சென்ஸ்தானே?

இந்தக் கேள்விதான் இந்தப் பக்கத்திலேயே கனமானது. 1632-இல் வந்த கலிலியோவின் உரையாடல் நூலில், கண்முன் தெரிவதற்கு எதிராக அறிவை நம்பிய கோப்பர்நிக்கஸை வியந்து பாராட்டும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஊகம் ஜெயித்தது, கண் தோற்றது.

முழுக்கத் தோற்றதா என்றால், இல்லை. கலிலியோ வியாழனின் துணைக்கோள்களைப் பார்த்ததும் கண்ணால்தான். தொலைநோக்கி வழியாக வந்தாலும் காட்சி காட்சிதான். ‘சூரியன் நகர்கிறது’ என்பது பலரும் கொண்டிருந்த ஒரு கருத்து. அதைக் கைவிட்டபின் யாருடைய அன்றாடமும் நின்றுபோகவில்லை. ‘பொழுது சாய்ந்தது’ என்று இன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ‘பார்க்காதபோதும் பொருள் இருக்கும்’ என்பதைக் கைவிட்டுப் பாருங்கள். கடைக்குப் போய்விட்டு வீடு திரும்பக்கூட முடியாது. ரீட் தேடியது இந்த இரண்டாம் வகையை: சின்ன வயதிலேயே வருவது, எல்லா மொழிகளின் அமைப்பிலும் பதிந்திருப்பது, வாயால் மறுப்பவரும் காரியத்தில் ஏற்பது.

ஆனாலும் கோட்டை எங்கே போடுவது என்பதில் ரீட்டே தடுமாறுகிறார். ஒழுங்கின் அடையாளங்கள் விளைவில் தெரிந்தால், காரணத்தில் அறிவும் திட்டமும் இருப்பதை உறுதியாகவே ஊகிக்கலாம் என்பதையும் அவர் தன் முதற்கொள்கைப் பட்டியலில், அதாவது நிரூபணம் கேட்காமலே ஏற்கவேண்டியவற்றின் பட்டியலில், சேர்த்துவிட்டார். 1859-இல் டார்வின் வந்தார். திட்டம் போட ஆள் இல்லாமலே, உயிர்களில் கச்சிதமான அமைப்பு தோன்றமுடியும் என்று காட்டினார். ‘யாருக்கும் சந்தேகம் வராது’ என்று ஒன்றைச் சொல்லுமுன், சந்தேகம் நமக்கு வரவில்லையா, யாருக்குமே வரமுடியாதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஜெர்மன் தத்துவவாதி காண்ட் இந்தக் காமன்சென்ஸ் கட்சியை மதிக்கவே இல்லையாமே?

மதிக்கவில்லை. 1783-இல் எழுதியபோது, ஹ்யூமை எதிர்த்து எழுதிய ரீட், ஆஸ்வால்டு, பீட்டி, பிரீஸ்ட்லி என்று பெயர் சொல்லியே விளாசினார். ஹ்யூம் கேட்ட கேள்வியே இவர்களுக்குப் புரியவில்லை என்றார். காரணம் என்ற கருத்து பயனுள்ளதா என்று ஹ்யூம் கேட்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்டார். இவர்களோ கூட்டத்தின் தீர்ப்பைக் காட்டி வாயை அடைக்கப் பார்க்கிறார்கள் என்பது காண்டின் புகார்.

ஜேம்ஸ் பீட்டி விஷயத்தில் காண்ட் சொன்னது சரி. 1770-இல் ஹ்யூமைத் திட்டி பீட்டி எழுதிய புத்தகம் சக்கைபோடு போட்டது. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 200 பவுன் மானியமே கொடுத்தார். இன்று அதை யாரும் படிப்பதில்லை, படிக்காததால் நஷ்டமும் இல்லை. ரீட்டை அந்த வரிசையில் நிறுத்தியது அநியாயம். மேசை வாதத்தைப் படித்த ஒருவர் அப்படிச் செய்திருக்கமாட்டார். ஆனால் அது அச்சானது காண்ட் எழுதி இரண்டு வருடம் கழித்துத்தான்.

மூர் இரண்டு கைகளைத் தூக்கிக் காட்டி உலகம் இருப்பதை நிரூபித்தாராமே? அது ஜோக்கா?

ஜோக் இல்லை. 1939-இல் பிரிட்டிஷ் அகாடமியில் கேம்பிரிட்ஜ் தத்துவவாதி ஜி. ஈ. மூர் பேசிய உரை. நீண்ட முன்னுரைக்குப் பிறகு ஒரு கையைக் காட்டி ‘இதோ ஒரு கை’, அடுத்ததைக் காட்டி ‘இதோ இன்னொன்று’ என்றார். ஆகவே புறப்பொருள்கள் இரண்டாவது இருக்கின்றன, நிரூபணம் முடிந்தது.

சிரிப்பு வரும்தான். அவர் சொன்ன ஒப்பீட்டைக் கேட்டால் கொஞ்சம் அடங்கும். ஒரு பக்கத்தில் மூன்று அச்சுப்பிழை இருக்கிறது என்கிறீர்கள், ஒருவர் நம்பவில்லை. என்ன செய்வீர்கள்? ‘இதோ ஒன்று, இதோ இன்னொன்று, இதோ மூன்றாவது’ என்று விரல் வைத்துக் காட்டுவீர்கள். அதை நிரூபணம் என்று எல்லோரும் ஏற்கிறோம். கை விஷயத்தில் மட்டும் ஏன் கூடாது?

கை இருப்பதையே சந்தேகிக்கிறவரிடம் கையைக் காட்டினால் எப்படி என்பது நியாயமான ஆட்சேபம். இதற்கு மூரின் பலமான பதில் அதற்கும் முன்பே, 1910-11 உரைகளில் வந்துவிட்டது. ஹ்யூமின் கொள்கை சரியென்றால் இந்தப் பென்சில் இருப்பது எனக்குத் தெரிய வழியில்லை. ஆனால் பென்சில் இருப்பது எனக்குத் தெரியும். ஆகவே ஹ்யூமின் கொள்கை தவறு. வாதத்தை இந்தப் பக்கமிருந்தும் ஓட்டலாம், அந்தப் பக்கமிருந்தும் ஓட்டலாம். பென்சிலைவிட உறுதியாகத் தெரிந்த ஒன்றை வைத்துத்தான் பென்சிலை மறுக்கமுடியும். ‘நாம் உணர்வது எண்ணங்களை மட்டுமே’ என்ற தத்துவ வாக்கியம் அவ்வளவு உறுதியா? காலம் பொய் என்கிற மெக்டாகர்ட்டிடமும் இதையே கேட்கலாம். காலை உணவு மதிய உணவுக்கு முன் நடந்தது என்பதைவிட உங்கள் வாதம் தொடங்குகிற முதல் வாக்கியம் எனக்கு எந்த வகையில் நிச்சயம்?

கேம்பிரிட்ஜின் இன்னொரு தத்துவவாதி விட்கன்ஸ்டைன் இதில் யார் பக்கம்?

மூர் பக்கமும் இல்லை, சந்தேகிக்கிறவர் பக்கமும் இல்லை. மூரின் வாக்கியங்களை அசைபோட்டுக் கடைசிக் காலத்தில் குறிப்புகளாக எழுதிக்கொண்டே வந்தார். 1951 ஏப்ரல் 29-இல் இறந்தார், கடைசிக் குறிப்பு அதற்கு இரண்டு நாள் முந்தையது. ‘இது என் கை’ என்பதைத் ‘தெரியும்’ என்று சொல்வதே பொருந்தாது என்றார். தெரியும் என்றால் எப்படித் தெரியும் என்று கேட்க இடம் வேண்டும். இவையோ கதவின் கீல்போல நிலையாக நிற்பவை; மற்றக் கேள்விகள் இவற்றின்மேல்தான் திரும்புகின்றன.

இதில் ஒரு சுவாரசியம். அசைக்கமுடியாத நம்பிக்கைக்கு அவர் எடுத்த உதாரணங்களில் ஒன்று, எந்த மனிதனும் நிலவுக்குப் போனதில்லை என்பது. அந்தக் குறிப்புகள் புத்தகமாக வந்த வருடம் 1969.

அறிவியலே மேசை பெரும்பாலும் வெற்றிடம் என்கிறதே?

1928-இல் வெளியான நூலில் வானியலாளர் எடிங்டன் தனக்கு இரண்டு மேசை இருப்பதாக எழுதினார். ஒன்று பழகின, கெட்டியான மேசை. மற்றது ஏறக்குறைய வெறும் வெளி, அங்கங்கே மின்துகள் ஓடும் அறிவியல் மேசை. இரண்டாவதே நிஜம் என்பது அவர் கட்சி. 1937-இல் தத்துவவாதி சூசன் ஸ்டெபிங் இதை நார்நாராகக் கிழித்தார். ‘கெட்டி’ என்ற சொல்லுக்குப் பொருளே மேசை, பலகை மாதிரியான பொருள்களிலிருந்துதான் வருகிறது. அதே பலகை கெட்டியில்லை என்றால் பிறகு எதைக் கெட்டி என்பது? அணு அமைப்பு, மேசை ஏன் கெட்டியாக இருக்கிறது என்பதை விளக்குகிறது. விளக்கப்பட்ட விஷயத்தையே அது ரத்து செய்துவிடுவதில்லை. இந்தச் சுற்றில் ஸ்டெபிங்குக்கே புள்ளி.

நம் பக்கம் இப்படிப்பட்ட வாதம் நடந்ததில்லையா?

தாராளமாக நடந்தது, ஐரோப்பிய வழக்கோடு தொடர்பில்லாமல், அதற்குப் பல நூற்றாண்டு முன்பே. எதிர்பாராத ஆளிடமிருந்து ஒன்று மட்டும் சொல்கிறேன். உலகம் மாயை என்றவர் என்றே ஆதிசங்கரரைப் பலருக்கும் தெரியும். ஆனால் பிரம்மசூத்திர உரையில், புறப்பொருளே இல்லை, எல்லாம் விஞ்ஞானம் (இங்கே அறிவியல் அல்ல, மனதில் எழும் உணர்வு) மட்டுமே என்ற பௌத்தப் பிரிவை மறுக்கும்போது அவர் பேசுவது அப்படியே ரீட்டின் குரல். சாப்பிட்டுக்கொண்டும் வயிறு நிறைவதை உணர்ந்துகொண்டும் இருப்பவன், ‘நான் சாப்பிடவும் இல்லை, எனக்கு நிறையவும் இல்லை’ என்றால் அவன் பேச்சை யார் ஏற்பார் என்று கேட்கிறார். பரமார்த்தம் என்கிற இறுதி உண்மை நிலையில் என்ன சொன்னாலும், நடைமுறை உலகத்தைக் கனவுக் கணக்கில் எழுத அவர் அங்கே சம்மதிக்கவில்லை.

காமன்சென்ஸ் பேசுகிறவர்கள் பழசைக் காப்பாற்றுவார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை என்பது சரியா?

ரீட் விஷயத்தில் சரியில்லை. 1764 நூலிலேயே ‘கண்ணுக்குத் தெரியும் வடிவங்களின் வடிவியல்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. கண்ணால் மட்டும் தூரத்தை அறியமுடியாது. ஆகவே கண்ணுக்கு எல்லாமே அதைச் சுற்றியுள்ள ஒரு கோளத்தின் உட்பரப்பில் வரைந்ததற்குச் சமம் என்று ஆரம்பிக்கிறார். அந்த உலகில் நேர்கோட்டை நீட்டினால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 டிகிரிக்கு மேல் வரும். யூக்ளிடுக்கு மாறான வடிவியலை ரஷ்யக் கணித அறிஞர் லோபசெவ்ஸ்கி அச்சில் கொண்டுவந்தது 1829-இல்தான்.

இதைச் சரிபார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமான ஒரு அறையின் நட்டநடுவில் உங்கள் கண் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே கூரையின் ஒரு மூலையைப் பாருங்கள்: இரண்டு கூரை விளிம்பும், சுவர்கள் சேரும் கோடு ஒன்றும் அங்கே சந்திக்கின்றன. மூன்றும் ஒரே மாதிரி விரிந்து தெரிவதால் ஒவ்வொரு இடைவெளியும் 120 டிகிரி. கூரையின் நான்கு மூலையிலும் இதே கதைதான். தாளில் வரைந்த சதுரம் என்றால் 360; கண்ணுக்குத் தெரியும் இந்தச் சதுரக் கூரையில் கோணங்களின் கூட்டுத்தொகை 480.